அடைப்புக்குறிக்குள்ளே தாய்மாமன்

அந்தப் பத்திரிகைய ஒரு நிமிஷம் குடுங்க அண்ணாச்சி. கசக்க மாட்டேன், பாத்துட்டுத் தந்துருதேன். நீங்க பஸ்ல ஏறுனதுல இருந்து கையில வெச்சுக்கிட்டே இருக்கீங்க, எனக்குக் கண்ணு அதுலயே நிக்கி. யார் வீட்டுக் கல்யாணம்? கூட வேலை பாக்குறவர் மகனுக்கா? நல்லது, நல்லது. எனக்கு மாப்பிள்ளை யாரு, பொண்ணு யாருன்னெல்லாம் பாக்க வேண்டாம். இங்கன கீழ ஒண்ணே ஒண்ணுதான் பாக்கணும். ஆங், போட்டுருக்காவ. தாய்மாமன்னு தனியா ஒரு வரி, பேரு, ஊரு, எல்லாம் ஜம்முனு இருக்கு. இந்தாங்க, புடிங்க. பத்திரமா வெச்சுக்கிடுங்க.

இப்பல்லாம் எந்தப் பத்திரிகையக் கண்டாலும் மொதல்ல அந்த வரியத்தான் தேடுதேன். ஏன்னு கேளுங்க. நீங்க கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன், அம்பாசமுத்திரம் போய்ச் சேர நேரம் கெடக்குல்லா. ஜன்னல் கண்ணாடிய மட்டும் கொஞ்சம் இழுத்து விடுங்க, காத்துல நான் பேசுறது உங்களுக்குக் கேக்காது.

என் பேரு சிவசைலம். வீடு பாளையங்கோட்டைல. ஒரு நூற்பாலைல கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவரா இருந்து ரிட்டயர் ஆனவன். தலைவர்னா, அந்தப் பிரிவுல எனக்கு மேல ஒருத்தரும் கெடையாது. கீழயும் கெடையாது, அது வேற விஷயம். ஒரே பொண்ணு, நித்திலா. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனில நல்ல உத்தியோகம். என்னப் பாத்துத்தான் அந்தப் படிப்புக்கே போனா. அவ அப்படிச் சொல்ல மாட்டா, நான் சொல்லுதேன். அவளுக்குத்தான் இந்த வைகாசில கல்யாணம். இந்தப் பை பூராவும் பத்திரிகைதான். ரெண்டாவது தடவை அடிச்ச பத்திரிகை. ரெண்டாவது தடவை ஏன் அடிச்சோம்ங்கறதுதான் கதை.

பிரஸ்காரர் பாவம் தங்கமான மனுசர். எழுதிக் குடுங்க சார், நாங்களே அடிச்சுக்கிடுதோம்னாரு. நான் விடுவனா? கம்ப்யூட்டர்லயே பிறந்து கம்ப்யூட்டர்லயே நரைச்சவன் வீட்டுக் கல்யாணத்துக்கு வேற ஒருத்தன் தட்டுறதா? என் எடிட்டர்ல நானே உக்காந்து அடிச்சேன். எடிட்டர்னா பத்திரிகை ஆசிரியர் இல்ல அண்ணாச்சி, எழுத்தடிக்கிற சாப்ட்வேர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு அலங்காரம் கெடையாது. மத்தவன் பாத்தா கரண்டு போயிட்டுன்னு நெனைப்பான். தெரிஞ்சவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். பங்குனி உத்திரத்துக்கு முன்னாடியே அடிச்சு முடிச்சு வெச்சுட்டேன்.

நம்ம பக்கத்துப் பத்திரிகை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? அடைப்புக்குறி இல்லாம ஒரு பேரு நிக்காது. செத்தவருக்கு லேட். ரிட்டயர் ஆனவருக்கு ஓய்வு. வெளிநாட்டுல இருக்கவனுக்கு மஸ்கட். ஒண்ணுமே இல்லாதவனுக்கு சமூக சேவகர். எங்க பத்திரிகையும் அப்படித்தான், ஒரு வரிக்கு ரெண்டு மூணு அடைப்புக்குறி. அப்பம் சம்பந்தி வீட்டுல ஒரு பெரியவர் போன் பண்ணி, மங்கல காரியத்துல லேட் லேட்டுன்னு சாவ ஞாபகப்படுத்தாதீங்க, அதை மட்டும் எடுத்துருங்கன்னு சொல்லிட்டாரு. நியாயமான பேச்சு. பிரஸ்காரரும், ஒரு டீ குடிக்கிற நேரத்துல கையாலயே அழிச்சிரலாம் சார்னாரு.

கையாலயா? எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கையால ஒவ்வொண்ணா அழிக்கதுக்கா நான் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் பாத்தேன்? ரெஜெக்ஸ்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. ஒரே வரில ஒரு குறிப்பு எழுதி விட்டா, அந்த மாதிரி இருக்கதையெல்லாம் அதுவே தேடிப் புடிச்சுத் தூக்கிரும். நான் எழுதுன குறிப்பு ரொம்பச் சின்னது. தெறக்குற அடைப்புக்குறி, புள்ளி, நட்சத்திரம், மூடுற அடைப்புக்குறி. புள்ளின்னா எந்த எழுத்தா இருந்தாலும் சரி. நட்சத்திரம்னா எத்தனை இருந்தாலும் சரி. மொத்தத்துல அடைப்புக்குறிக்குள்ள என்ன கெடந்தாலும் காலி.

அவரு லேட்ட மட்டுந்தானே எடுக்கச் சொன்னாருன்னு கேப்பீங்க. என் பொண்டாட்டி உலகம்மையும் அதைத்தான் கேட்டா. நான் சொன்னேன், எடுத்தா எல்லாத்தையும் எடுக்கணும். ஒருத்தனுக்கு லேட் வேண்டாம்னா இன்னொருத்தனுக்குத் தாசில்தாரும் வேண்டாம். எல்லாரும் வெறும் பேரோட நிக்கட்டும், சமத்துவம். அவ ஒரு மாதிரியாப் பாத்துட்டு உள்ள போயிட்டா. தாசில்தார்னு நான் சும்மா ஒரு உதாரணத்துக்குத்தான் சொன்னேன். அவ தம்பி தாசில்தாரா இருந்தா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

அவன் பேரு சங்கரநயினார். நித்திலாவுக்கு ஒரே தாய்மாமன். எனக்கு மச்சினன். நல்லவன்தான், நான் குறை சொல்லல. ஆனா என் வீட்டு விசேஷத்துலயே மொத நாற்காலி அவனுக்குத்தான் போடுவாவ. அவன் வந்து உக்காந்த பெறவுதான் எனக்கு நாற்காலி இருக்கா இல்லையான்னு யாருக்காவது ஞாபகம் வரும். ஒரு தடவை சபையில வெச்சு, அத்தான், எங்க ஆபீஸ்ல பிரிண்டர் மக்கர் பண்ணுது, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேங்கான். நான் பிரிண்டர் பாக்குறவனா? சவத்த, போய்ப் பாத்தேன், சரி பண்ணியும் குடுத்தேன். ஆனா மனசுல கெடக்குமா கெடக்காதா?

நித்திலாவுக்கு மாமான்னா ஒரு இது. சைக்கிள் விடப் பழக்குனது அவன்தான். காலேஜுல கொண்டு சேத்ததும் அவன்தான், எனக்கு அன்னைக்கு மில்லுல சர்வர் மாத்துற வேலை. அவ வேலைக்குப் போன மொத நாளும் ரயிலேத்தி விட்டது அவன்தான், அன்னைக்கும் எனக்கு ஏதோ வேலை. எப்பமும் எனக்கு வேலை இருக்க நாளாப் பாத்து அவன் வந்து நிப்பான். அப்படி ஒரு ராசி அவனுக்கு.

சரி, கதைக்கு வாறேன். குறிப்ப ஓட்டுனேன். கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள அடைப்புக்குறியெல்லாம் காணாமப் போச்சு. பிரஸ்காரர் சரி பாக்கதுக்கு ஒரு காப்பி அனுப்புனாரு. நான் என் பேரு இருக்கான்னு பாத்தேன், இருந்துச்சு. பெறவு என்ன? மெஷின் பண்ணுன வேலைய மனுசன் சரி பாக்கதுங்கறது அந்த மெஷின அவமானப்படுத்துற மாதிரி. அடிங்கன்னுட்டேன். அடிச்சாவ, குடுத்தோம், ஊரெல்லாம் போய்ச் சேந்துட்டு.

அதுக்கு மறுநாள் ஆரம்பிச்சுது பாருங்க போன். கல்லிடைக்குறிச்சில என் பெரியப்பா ஒருத்தர், அவரு போய்ச் சேந்து எத்தனையோ வருஷமாச்சு. பத்திரிகைல அவரு மட்டும் தனியா நின்னுக்கிட்டு எல்லாரையும் வருக வருகன்னு கூப்பிடுதாரு. பக்கத்துல நிக்க வேண்டிய பெரியம்மையக் காணோம், சித்தப்பாவக் காணோம். உசுரோட இருக்கவுகளெல்லாம் போயிட்டாவ, செத்தவரு நிக்காரு. பெரியம்மை போன்ல அழுதாவ. ஏ சைலம், நான் இன்னும் சாகலியேய்யா, என்னை எதுக்குய்யா எடுத்தன்னு கேட்டாவ. நான் அவங்களுக்கு ரெஜெக்ஸ்னா என்னன்னு பொறுமையா விளக்குனேன். புள்ளி, நட்சத்திரம் எல்லாம் சொன்னேன். நட்சத்திரம்னதும், ஜோசியர் யாரும் அப்படிச் சொன்னாராய்யான்னு கேட்டாவ. அந்த மட்டும் கோவம் போச்சு, ஆள விடுன்னு போன வெச்சுட்டேன்.

இப்படி ஒரு ஏழெட்டுப் பேரு. எல்லாரையும் சமாளிச்சுட்டேன், செத்தவரு நிக்கதக் காட்டினா அது மெஷின் பண்ணுன கூத்துன்னு யாருக்கும் புரிஞ்சு போகும்லா. ஆனா ஒரு போன் மட்டும் வரல. என் மச்சினன் போன். அவன் பேரும் பத்திரிகைல இல்ல.

அத மொதல்ல கண்டுபிடிச்சது உலகம்மைதான். பத்திரிகைய எடுத்துக்கிட்டு வந்து எனக்கு முன்னால வெச்சா. என் தம்பி எங்கன்னு கேட்டா. கத்தல, அழல, அதுதான் பயமா இருந்துச்சு. நான் ரெஜெக்ஸ்னு ஆரம்பிச்சேன். அவ சொன்னா, "எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். எங்கம்மா அப்பா இல்ல. அண்ணன் தம்பின்னு இருக்கது அவன் ஒருத்தன். அவன் மாலை போட்டுக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வராம என் பொண்ணு மணவறைக்கு வர மாட்டா. நானும் வர மாட்டேன்."

அவ்வளவுதான். அதுக்குப் பெறவு என்கூடப் பேச்சில்ல. காப்பி வரும், சாப்பாடு வரும், டொக்குனு வெப்பா, போயிருவா. உப்பு கூடன்னு சொன்னாலும் பதில் வராது. நானும் கோவத்துல ரெண்டு நாள் ஹோட்டல்ல சாப்பிட்டுப் பாத்தேன், வயிறு ஒத்துக்கல.

உங்ககிட்ட மறைக்காம ஒண்ணு சொல்லுதேன். மொதல்ல பத்திரிகை அடிக்கும்போது அந்தத் தாய்மாமன் வரிய மட்டும் நான் கடைசிக்குன்னு தள்ளி வெச்சுருந்தேன். வேற ஒண்ணும் இல்ல. அவன் பேருக்குப் பக்கத்துல தாசில்தார்னு வரும். பொண்ணுக்கு அப்பன் என் பேருக்குப் பக்கத்துல என்ன வரும்? வெறும் சிவசைலம்னு மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்? அதனால எனக்குப் பொருத்தமா என்ன போடலாம்னு யோசிச்சேன். தலைமைக் கணினி அதிகாரின்னு போட்டுப் பாத்தேன். கணினித் துறை வல்லுநர்னு போட்டுப் பாத்தேன். ஒண்ணும் மனசுக்கு ஒக்கல. எனக்கு ஒண்ணு அமைஞ்ச பெறவு அவன் வரிய அடிக்கலாம்னு எடம் விட்டு வெச்சேன். பெறவு அடிச்சுட்டேன். அடிச்சுருப்பேன். அடிக்காம இருப்பனா? சொந்த மச்சினன் அண்ணாச்சி, அவன் பேர அடிக்காம ஒருத்தன் பத்திரிகைய முடிச்சுருவானா? மெஷின்தான் தின்னுட்டு. பெரியம்மையத் தின்னுச்சு, சித்தப்பாவத் தின்னுச்சு, அவனை மட்டும் விட்டுருமா?

நானே போன் பண்ணுனேன். மாப்ளே, தப்பு என்னோடது இல்ல, மெஷினோடது, அதை உன் கண்ணு முன்னாலயே நிரூபிச்சுக் காட்டுதேன்னேன். நித்திலா லீவு போட்டுட்டு வாறா, டீபக்கர்னு ஒண்ணு இருக்கு, குறிப்பு எந்த எடத்துல எப்படித் தப்புப் பண்ணுதுன்னு ஒவ்வொரு படியா ஓட்டிக் காட்டும், நீ வந்து பாருன்னேன். அவன் எல்லாத்தையும் கேட்டான். பெறவு சொன்னான், "பாக்கேன் அத்தான். அதுல என் பேரு இருந்துச்சுன்னா நான் கல்யாணத்துக்கு வாறேன். இல்லைன்னா பெறவு என்னைக் கூப்பிடாதீங்க."

சரின்னுட்டேன். பயம் இருக்கவன்தானே யோசிப்பான்? எனக்கு என்ன பயம்?

இதுக்கு எடையில அவனுக்கு ஒரு பதவி உயர்வு வேற வந்துட்டு. துணை ஆட்சியர். பத்திரிகையெல்லாம் குடுத்து முடிச்ச பெறவுதான் ஆர்டர் வந்துச்சு. எங்களுக்குச் சொல்லல. நித்திலாவுக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லியிருக்கான், கோவம் எங்க மேலதானாம், அவ மேல இல்லையாம். அவ ஊருக்கு வந்தப்பம்தான் எங்களுக்கே தெரியும். உலகம்மை அதைக் கேட்டுட்டு சாமி படத்துக்கு முன்னால போய் நின்னா. நல்லாருக்கட்டும்னு நானும் மனசுக்குள்ள நெனைச்சேன். நெனைக்காம இருக்க முடியுமா, நம்ம மனுசன்லா.

நித்திலா வந்தா. அவன் சாயங்காலம் வாறதாச் சொல்லியிருந்தான், இவ மத்தியானமே என் கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டா. என் எடிட்டர்க்குள்ளயே அந்த டீபக்கர் இருக்குப்பான்னு தெறந்து காட்டுனா. இத்தனை வருஷமா அது அங்கனதான் இருந்துருக்கு, எனக்கு அது தேவைப்படல, தப்புப் பண்ணாதவனுக்கு எதுக்கு? மேல ஒரு கட்டத்துல என் குறிப்ப வெச்சா. கீழ பத்திரிகையோட பழைய காப்பிய, அடைப்புக்குறியோட இருக்கத, வெச்சா. ஒரு பொத்தான அமுக்குனா ஒரு படி போகும். எதுவரைக்கும் தின்னுருக்கோ அதுவரைக்கும் மஞ்சள் அடிச்சுக் காட்டும்.

மொதல்ல பெரியப்பா வரி. தெறக்குற அடைப்புக்குறில மஞ்சள் ஏறிச்சு. அடுத்த படில பாருங்க, வரியோட கடைசி வரைக்கும் ஒரே தாவு. எல்லாம் மஞ்சள். எனக்கே திக்குனு இருந்துச்சு. பெறவு ஒவ்வொரு எழுத்தாப் பின்னால வருது, வருது, சித்தப்பாவோட ஓய்வு முடியுற எடத்துல ஒரு மூடுற குறியக் கண்டதும் நின்னுட்டு. நடுவுல பெரியம்மை, சித்தப்பா எல்லாரும் மஞ்சளுக்குள்ள. நித்திலா சொன்னா, இந்த நட்சத்திரத்துக்குப் பேராசைப்பா, கெடைக்கதெல்லாம் மொதல்ல தனக்குன்னு அள்ளிரும், பெறவு வேற வழியில்லன்னாத்தான் கொஞ்சங் கொஞ்சமா விட்டுக் குடுக்கும். ஒரு வரில ஒரே ஒரு அடைப்புக்குறி இருந்தா அது மட்டுந்தான் போகும், பேரு தப்பிச்சுரும். ரெண்டு இருந்தா நடுவுல இருக்கவங்க அம்புட்டுப் பேரும் காலி.

சரி பண்ண என்ன வேணும்னேன். நட்சத்திரத்துக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போட்டா. அவ்வளவுதான், ஒரே ஒரு கேள்விக்குறி. போட்டதும் அது நாய்க்குட்டி மாதிரி சாதுவாயிட்டு, மொத மூடுற குறியக் கண்டதும் நின்னுட்டு. லேட் மட்டும் போச்சு, பெரியம்மை பத்திரமா இருந்தாவ. நீங்க போடாம விட்டது இதுதான்பா, ஒரு கேள்விக்குறின்னா. நான் சொன்னேன், எனக்கு எங்க அதுக்கெல்லாம் அவசியம் வந்துச்சு, எனக்கு எப்பமும் எல்லாம் தெளிவாத்தான் இருக்கும்னு. அவ சிரிக்கல.

அதுக்குப் பெறவு அவ கேட்டா, "அப்பா, மாமா வரி எங்க?"

கீழ பாருன்னேன். கீழ இல்லப்பான்னா. அப்பம் மேல பாரு. மேலயும் இல்ல. தேடுற எடத்துல பேர அடிச்சுப் பாத்தா, ஒண்ணும் வரல. வேற பழைய காப்பி இருக்கான்னு கேட்டா. இதுதான்ளா மொதல்ல அடிச்ச காப்பி, இதுக்கு முன்னால வேற கெடையாது, எங்கயாவது மறைஞ்சு கெடக்கும், நல்லாப் பாருன்னேன். நடுவுல, அவ அம்மையப் பெத்தவங்க பேருக்குக் கீழ, வெத்து வரி ஒண்ணு இருந்துச்சு, அதையே பாத்துக்கிட்டு இருந்தா. அடுப்படி வாசல்ல உலகம்மை வந்து நின்னா. இவ அவளைப் பாத்தா, அவ இவளைப் பாத்தா. பொம்பளைங்க ரெண்டு பேரும் இப்படிப் பாத்துக்கிட்டாலே நமக்கு அங்கன வேலையில்லன்னு அர்த்தம்.

அப்பா, மாமாவுக்குக் காப்பி போடணும், போய்ப் பால் வாங்கிட்டு வாங்கன்னா நித்திலா. வீட்டுலதான் பால் இருக்கேன்னேன். அது திரிஞ்சிட்டுன்னா உலகம்மை. அத்தனை நாளுக்குப் பெறவு என்கிட்ட அவ பேசுன மொதப் பேச்சு அதுதான் அண்ணாச்சி, பால் திரிஞ்சிட்டுன்னு. எனக்கு அந்தச் சந்தோஷத்துல வேற ஒண்ணும் தோணல, பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். திரும்பி வந்து பாத்தா பிரிட்ஜ்ல பால் நல்லாத்தான் இருந்துச்சு. மறதி, வயசாவுதுல்லா அவளுக்கும்.

நான் வந்ததும் நித்திலா சொன்னா, கெடைச்சுட்டுப்பா, பாத்துக்கிட்டு இருந்த எடத்துலயே இருந்துச்சுன்னு. நான் சொன்னேம்லா? சொன்னனா இல்லையா? போய்ப் பாத்தேன். அவ அம்மையோட அப்பா பேரு லேட், அம்மா பேரு லேட், அதே வரில தொடர்ந்தாப்புல தாய்மாமன் திரு. சங்கரநயினார், அடைப்புக்குறிக்குள்ள துணை ஆட்சியர். அழகா இருந்துச்சு. எனக்கு அப்பம்தான் போன உசுரு திரும்பி வந்துச்சு. போன உசுரு என்ன, எனக்கு என்ன பயமா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

சாயங்காலம் அவன் வந்தான். ஜீப்புல வரல, பஸ்ல வந்து எறங்கி நடந்தே வந்தான், முகம் வாடியிருந்துச்சு. உக்காருன்னேன், உக்காரல. நித்திலா நாற்காலிக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டான். உலகம்மை கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கா. நான் அவனுக்கு மொதல்ல இருந்து விளக்குனேன், புள்ளி, நட்சத்திரம், பேராசை எல்லாம். அவன் என் பக்கம் திரும்பவே இல்ல. ஓட்டும்மான்னு அவகிட்டத்தான் சொன்னான்.

அவ அந்த வரியில வெச்சு அமுக்குனா. அவ அம்மையப் பெத்தவரு லேட்ல ஏறிச்சு மஞ்சள். ஒரே தாவு, கடைசி வரைக்கும். பெறவு பின்னால வர வேண்டியதே இல்ல, துணை ஆட்சியர் முடியுற எடத்துலயே மூடுற குறி இருந்துச்சு. அவன் பேரு பூராவும் மஞ்சளுக்குள்ள பளிச்சுனு நின்னுச்சு. பாத்தியா மாப்ளே, பாத்தியா, தின்னுட்டு பாத்தியான்னேன். எனக்குச் சந்தோஷம் தாங்கல. நித்திலா மட்டும் அதே பொத்தான ரெண்டு தடவை அமுக்கிட்டா. பாவம், ராத்திரி ரயில்ல தூங்கியிருக்க மாட்டா.

அவன் அந்த வரியவே ரொம்ப நேரம் பாத்தான். பெறவு கேட்டான், அத்தான், இந்த வரிய எப்பம் அடிச்சீங்கன்னு.

பங்குனி உத்திரத்துக்கு முன்னாடியேன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே தட்டுச்சு பாத்துக்கிடுங்க, மேலெல்லாம் புல்லரிச்சுட்டு. ஆர்டர் வந்தது சித்திரைல. நான் அடிச்சது பங்குனில. அவனுக்குத் துணை ஆட்சியர் வரும்னு அப்பமே எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சுருக்கு. நான் அவனை எவ்வளவு ஒசத்தியா நெனைச்சுருந்தா அப்படி ஒரு வார்த்தை என் கையில தானா வந்துருக்கும்? அதை அவன்கிட்டயும் சொன்னேன். மாப்ளே, அரசாங்கம் உனக்கு இப்பம்தான் குடுத்துச்சு, இந்த அத்தான் பங்குனிலயே குடுத்துட்டேன்னேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்ணணும் சொல்லுங்க?

அவன் நித்திலாவக் குனிஞ்சு பாத்தான். அவ தலையத் தூக்கல, கீபோர்டையே பாத்துக்கிட்டு உக்காந்துருந்தா, காது மட்டும் செவசெவன்னு செவந்து போச்சு. அவனுக்கு முகத்துல இருந்த வாட்டமெல்லாம் எறங்கி வேற என்னமோ வந்துச்சு, கண்ணு கலங்கிட்டு. அவ தலையில கைய வெச்சான். வெச்சுட்டுச் சொன்னான், "இந்த வரிய அடிச்சவங்க கல்யாணத்துக்கு நான் வராம இருப்பனா?"

எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. அடிச்சது நான்தான மாப்ளே, எனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு, உங்க அக்காதான் அந்தா நிக்காளே, கேட்டுக்கோன்னேன். ஒருத்தர் சிரிக்கணுமே. உலகம்மை முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. நித்திலா நாற்காலிய விட்டு எறங்கி அப்படியே அவன் கால்ல விழுந்துட்டா. விழுந்தவ எந்திரிக்கவே இல்ல, குலுங்கிக் குலுங்கி அழுதா. அவன் கீழ உக்காந்து, போதும்டா, போதும்டான்னு அவ முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தான். நான் பக்கத்துலதான் நிக்கேன், என்னை ஒருத்தரும் பாக்கல.

பெரிய உத்தியோகம் வந்ததும் அவனுக்குப் பேச்சு கொஞ்சம் தடுமாறுது போல, அது போகட்டும். இவளுக்கு என்ன? மெஷின் பண்ணுன தப்புக்கு என் பொண்ணு எதுக்கு அண்ணாச்சி அவன் கால்ல விழுந்து அப்படி அழணும்?